நெட்லோகோ 6.4: ஆராய்ச்சிக்கு எவ்வளவு தாங்கும்?

சதுரக் கட்டங்களால் ஆன ஒரு காடு. நூற்றுக்கு 57 கட்டங்களில் மரம் நிற்கிறது. இடது ஓரம் முழுக்கத் தீ வைத்தால், பெரும்பாலும் வலது ஓரத்தை எட்டும் முன்பே தீ அணைந்துவிடுகிறது. ஸ்லைடரை 63க்கு நகர்த்தி மறுபடி ஓட்டினால் காடே கரிக்கட்டையாகிறது. ஆறு விழுக்காட்டில் இத்தனை பெரிய மாற்றம் எங்கிருந்து வந்தது? பக்கத்து மரம் எரிந்தால் இதுவும் எரியும் என்ற ஒரே விதியைத்தான் மரங்களுக்குக் கொடுத்திருக்கிறோம். 59.27 விழுக்காட்டின் அருகே ஒரு வாசல் இருக்கிறது என்று நிரலில் எந்த வரியிலும் எழுதவில்லை. அது தானாக எழுகிறது. "ஏஜென்ட்" எனப்படும் பல சிறு உறுப்பினர்களுக்கு விதிகள் கொடுத்து, சேர்ந்து என்ன நடக்கிறது என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் நெட்லோகோ. அதன் மாடல் நூலகத்தில் "ஃபயர்" என்ற பெயரில் இருக்கும் இதைத் திறந்து ஓட்ட இரண்டு நிமிடம் போதும். சிக்கலான அமைப்புகள் என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான முதல் பாடம் கிடையாது.

கற்றுக்கொடுக்க நல்ல கருவி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்கு, கட்டுரைக்கு, சக ஆய்வாளர்களின் கேள்விகளுக்கு இது ஈடுகொடுக்குமா என்பதுதான் இங்கே கேள்வி. ஈடுகொடுக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: நெட்லோகோவில் நீங்கள் எழுதிய விதிகளோடு, நீங்கள் எழுதாத சில விதிகளும் சேர்ந்தே ஓடுகின்றன. அவை எவை என்று தெரியாமல் எடுத்த முடிவை நம்ப முடியாது.

முதலில் அடிப்படைத் தகவல்கள். நெட்லோகோ ஊரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கியது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உள்ள அவருடைய மையம் இன்றுவரை வளர்த்து வருகிறது. குழந்தைகளுக்கு நிரலெழுதக் கற்றுத்தர 1967இல் பிறந்த லோகோ மொழியின் வாரிசு என்பதால்தான், நகரும் ஏஜென்ட்களுக்கு இன்றும் "டர்ட்டில்" என்றே பெயர். தரையின் கட்டங்கள் "பேட்ச்", ஏஜென்ட்களை இணைக்கும் கோடுகள் "லிங்க்", மேலிருந்து எல்லாவற்றையும் நடத்துபவர் "அப்சர்வர்". உள்ளே ஜாவா மேடையில் ஸ்காலா, ஜாவா நிரல்கள் ஓடுகின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். விலை எதுவும் இல்லை. ஜிபிஎல் உரிமத்தில் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

மொழி எளிது. "ஆஸ்க் டர்ட்டில்ஸ்" என்று சொல்லி அடைப்புக்குறிக்குள் "ஃபார்வர்ட் 1" என்று எழுதினால் எல்லா டர்ட்டில்களும் ஓரடி நகரும். "செட்அப்", "கோ" என்று இரண்டு செயல்முறைகள், இரண்டு பொத்தான்கள், ஒரு வரைபடம். இவ்வளவோடு முதல் மாடல் பிற்பகலுக்குள் ஓடத் தொடங்கிவிடும். கூடவே வரும் கையேட்டின் சொல்லகராதிப் பகுதி ஒவ்வொரு கட்டளைக்கும் சிறு எடுத்துக்காட்டு தருகிறது. இலவச மென்பொருள்களில் இவ்வளவு நேர்த்தியான ஆவணம் அரிது.

எழுதாத விதிகள்

புதிய கோப்பைத் திறந்தால் உலகம் 33க்கு 33, மொத்தம் 1,089 பேட்ச். இரண்டு திசையிலும் விளிம்புகள் ஒட்டியிருக்கும். வலப்பக்கம் வெளியேறும் டர்ட்டில் இடப்பக்கம் வந்து சேரும். பறவைக் கூட்டத்துக்கு இது பொருந்தும். ஒரு பள்ளத்தாக்கையோ மீன்பிடித் துறையையோ மாடல் செய்தால் பொருந்தாது. மேலே சொன்ன காட்டில் கிடைவாக்கில் இந்த ஒட்டலைப் போட்டுப் பாருங்கள்: இடது ஓரத்தில் வைத்த தீ அடுத்த நொடியே வலது ஓரத்தில் பற்றும். "தீ மறுமுனையை எட்டியதா" என்று அளப்பதற்கே பொருள் இல்லாமல் போய்விடும். தூரத்தைக் கணக்கிடும் கட்டளைகள், "இன்-ரேடியஸ்" உட்பட, எல்லாமே இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. நிரலில் எந்தத் தடயமும் இராது. "செட்டிங்ஸ்" பெட்டியில் மட்டும் இரண்டு சிறிய டிக் குறிகள். மாடலை விவரிக்கும் கட்டுரையில் இதை எழுதாமல் விட்டால், வேறொருவர் பைத்தானில் மறுபடி கட்டும்போது எண்கள் ஒத்துவராது. ஏன் என்றும் தெரியாது.

இதைவிட முக்கியமானது "ஆஸ்க்" கட்டளையின் வரிசை. ஒவ்வொரு முறையும் ஏஜென்ட்களைச் சீரற்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடுகிறது. முதலாவது ஏஜென்ட் தன் வேலையை முழுக்க முடித்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும். அது பார்ப்பது முதலாவது மாற்றிவிட்டுப் போன உலகத்தை. எல்லாரும் ஒரே கணத்தில் பழைய நிலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்றால் இரண்டு "ஆஸ்க்" வேண்டும். முதலாவதில் ஒவ்வொரு பேட்சும் அண்டையை எண்ணித் தன் அடுத்த நிலையைத் தனி மாறியில் எழுதிக்கொள்ளும். இரண்டாவதில் எல்லாம் அந்த மாறிக்குத் தாவும். உயிருள்ள அண்டைக் கட்டங்களை எண்ணி எல்லாக் கட்டமும் ஒரே கணத்தில் உயிர்க்கும் அல்லது சாகும் கான்வேயின் லைஃப் விளையாட்டை ஒரே "ஆஸ்க்"கில் எழுதினால் அது லைஃப் விளையாட்டே அல்ல. திரையில் ஏதோ நெளியும், பிழைச்செய்தி வராது.

இது நுணுக்கம் பேசுவோரின் கவலை என்று ஒதுக்க வேண்டாம். 1992இல் மார்ட்டின் நோவாக்கும் ராபர்ட் மேயும் நேச்சர் இதழில் ஒரு மாடலை வெளியிட்டார்கள். கட்டங்களில் நிற்கும் ஆட்டக்காரர்கள் அண்டை வீட்டாருடன், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று இருவரும் முடிவெடுக்கும் கைதியின் இக்கட்டு ஆட்டத்தை ஆடி, சுற்றிலும் அதிகம் வென்றவரின் உத்தியை எல்லாரும் ஒரே நேரத்தில் நகலெடுக்கிறார்கள். ஏமாற்றுவதன் ஆதாயம் 1.8க்கும் 2க்கும் இடையே இருந்தால் ஒத்துழைப்போர் சுமார் 31.8 விழுக்காட்டில் நிலைத்தார்கள். அடுத்த ஆண்டே ஹூபர்மனும் கிளான்ஸும் ஒரே நேரத்தில் என்பதை ஒருவர்பின் ஒருவர் என்று மாற்றி ஓட்டினார்கள். ஒத்துழைப்பு அடியோடு மறைந்துவிட்டது. வேறு மதிப்புகளில் அந்த முறையிலும் ஒத்துழைப்பு நிலைக்கும் என்று 1994இல் நோவாக் தரப்பு காட்டியது. யார் சொன்னது சரி என்ற விவாதத்துக்கு அப்பால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது: வரிசை என்பது மாடலின் ஒரு விதி. நெட்லோகோ அந்த விதியை உங்களுக்காகத் தேர்ந்துவிடுகிறது. இரண்டு முறையிலும் ஓட்டிப் பார்த்து முடிவு மாறுகிறதா என்று சொல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்பினால் தப்பில்லை.

ஓநாய், ஆடு, புல் மாடலில் இதன் இன்னொரு முகம் தெரியும். நூலகத்தில் வரும்போது 100 ஆடு, 50 ஓநாய். புல் மறுபடி முளைக்க 30 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆடுகள் எல்லாம் நகர்ந்து, மேய்ந்து, குட்டி போட்டு முடித்த பிறகுதான் ஓநாய்களின் முறை வருகிறது. அதாவது பிறந்த குட்டி மேயும் முன்பே வேட்டையாடப்படலாம். "ஹேட்ச்" கட்டளையால் பிறக்கும் ஏஜென்ட், அப்போது நடந்துகொண்டிருக்கும் "ஆஸ்க்"கில் சேராது. அடுத்த சுற்றில்தான் வாய் திறக்கும். இறந்த ஏஜென்ட்டின் முறை வந்தால் சத்தமில்லாமல் தாண்டிவிடும். இவை எல்லாமே நியாயமான தேர்வுகள்தாம். ஆனால் இனப்பெருக்க வீதத்தை உண்மைத் தரவோடு பொருத்த முனையும்போது இந்த அரைச் சுற்று வித்தியாசம் எண்ணில் தெரியும்.

சின்னப் பொறிகள் இன்னும் சில. "ராண்டம் 360" முழு எண்களை மட்டுமே தரும். டர்ட்டிலுக்கு 360 திசைகள்தாம் கிடைக்கும். தொடர்ச்சியான திசை வேண்டுமென்றால் "ராண்டம்-ஃப்ளோட் 360". திசை 0 என்பது வடக்கு, கோணம் கடிகாரச் சுற்றில் கூடும். பள்ளிக்கூட முக்கோணவியலை அப்படியே எழுதினால் எல்லாம் கோணல்மாணலாகும். டர்ட்டிலின் சொந்த மாறிகள் பிறக்கும்போது 0. தொடக்க மதிப்பு கொடுக்க மறந்தால் எச்சரிக்கை எதுவும் இல்லை, வயது 0, கையிருப்பு 0 என்றே கணக்கு ஓடும். 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். ஆகவே "டிக்-அட்வான்ஸ் 0.1" வைத்துவிட்டு "நேரம் 1க்குச் சமமானால் நிறுத்து" என்று எழுதிய மாடல் நிற்கவே நிற்காது, "1க்கு மேலோ சமமோ" என்று எழுதினாலும் ஒரு சுற்று தள்ளித்தான் நிற்கும். சுற்றுகளை முழு எண்ணாக எண்ணி, காட்டும்போது மட்டும் 10ஆல் வகுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பிஹேவியர்ஸ்பேஸ்: நெட்லோகோவின் முதுகெலும்பு

ஒரு மாடலை ஒருமுறை ஓட்டினால் கிடைப்பது ஒரு கதை. ஆயிரம் முறை ஓட்டினால்தான் ஆய்வு. அந்த வேலைக்கு "டூல்ஸ்" பட்டியலில் பிஹேவியர்ஸ்பேஸ் இருக்கிறது. நெட்லோகோவை ஆய்வுக்குப் பரிந்துரைக்க எங்களுக்கு முதன்மையான காரணம் இதுதான். வேறு பல கருவிகளில் தனியாக நிரல் எழுதிச் செய்ய வேண்டிய சோதனை வடிவமைப்பு இங்கே ஒரே பெட்டியில் முடிகிறது. மாற்ற வேண்டிய மாறிகள், மறுஓட்ட எண்ணிக்கை, அளவைகள், தொடக்கக் கட்டளை, சுற்றுக் கட்டளை, நிறுத்த நிபந்தனை, சுற்று வரம்பு: அத்தனையும் அதில் உண்டு, மாடல் கோப்புக்குள்ளேயே சேமிக்கவும் படுகிறது. கோப்பை அனுப்பினால் சோதனையும் கூடவே போகிறது. மறுஆக்கத்துக்கு இது பெரிய வரம்.

காட்டுத் தீயை எடுத்துக்கொள்வோம். மாறிகள் பெட்டியில் ["டென்சிட்டி" [55 1 65]] என்று கொடுத்தால் 55 முதல் 65 வரை ஒவ்வொன்றாக 11 மதிப்புகள். மறுஓட்டம் 50 என்றால் 550 ஓட்டம். இங்கேயே முதல் பொறி காத்திருக்கிறது. உள் அடைப்புக்குறி இருந்தால் தொடக்கம், படி, முடிவு என்று பொருள். இல்லாவிட்டால் மதிப்புகளின் பட்டியல். 1, 2, 3 ஆகிய மூன்றும் வேண்டும் என்று நினைத்து [1 2 3] என்று உள்ளடைப்பில் எழுதினால், 1இல் தொடங்கி இரண்டிரண்டாக 3 வரை என்று படித்துக்கொண்டு 1, 3 இரண்டை மட்டும் ஓட்டும். ஓட்டங்களின் மொத்த எண்ணிக்கையைக் கையால் பெருக்கி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் இது உடனே பிடிபடும்.

இரண்டாவது பொறி இன்னும் ஆழமானது. ஸ்லைடரில் இல்லாத, நிரலின் "குளோபல்ஸ்" வரியில் அறிவித்த மாறியையும் பிஹேவியர்ஸ்பேஸில் மாற்றலாம். ஆனால் மதிப்பை வைத்த பிறகுதான் "செட்அப்" ஓடும். அதன் முதல் வரி வழக்கமாக "கிளியர்-ஆல்". அது நிரலில் அறிவித்த எல்லாப் பொது மாறிகளையும் 0 ஆக்கிவிடும். ஸ்லைடர்களை மட்டும் தொடாது. விளைவு: முடிவுகள் எழுதப்படும் சிஎஸ்வி அட்டவணைக் கோப்பில் அந்த மாறி 5, 10, 15 என்று அழகாகப் பதிவாகியிருக்கும், மாடலோ எல்லா ஓட்டத்திலும் 0ஐ வைத்து ஓடியிருக்கும். "இந்த அளவுருவுக்கு எந்த விளைவும் இல்லை" என்ற பொய்யான முடிவு இப்படித்தான் பிறக்கும். மாற்ற வேண்டிய ஒவ்வொன்றையும் ஸ்லைடராகவோ உள்ளீட்டுப் பெட்டியாகவோ வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, நிறுத்தம். "ஸ்டாப்" கட்டளை தான் இருக்கும் செயல்முறையை மட்டுமே விட்டு வெளியேறும். "கோ" செயல்முறையின் நேரடி வரியாக இருந்தால் ஓட்டம் முடியும். "கோ" கூப்பிடும் இன்னொரு செயல்முறைக்குள் ஒளிந்திருந்தால் முடியாது. "ஆஸ்க்"குக்குள் இருந்தால் அந்த ஏஜென்ட் மட்டும் தன் வேலையை நிறுத்தும். பெட்டியில் உள்ள நிறுத்த நிபந்தனையையும் சுற்று வரம்பையும் எப்போதும் நிரப்பி வைப்பது நல்லது.

வெளியீட்டில் "டேபிள்" வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓட ஓட வட்டில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை எழுதியது மிஞ்சும். "ஸ்ப்ரெட்ஷீட்" வடிவம் எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்திருந்து கடைசியில்தான் எழுதும். பெரிய சோதனையில் நினைவகம் நிரம்பி விழுந்தால் எல்லாம் போச்சு. டேபிள் கோப்பின் முதல் 6 வரிகள் தலைப்புத் தகவல். புள்ளியியல் நிரல்மொழியான ஆர் மொழியில் "ஸ்கிப் 6" என்று சொல்லிப் படிக்க வேண்டும். பல ஓட்டங்கள் இணையாக ஓடும்போது வரிகள் கலந்து வரும் என்பதால் ஓட்ட எண்ணை வைத்து வரிசைப்படுத்தாமல் வரைபடம் போடாதீர்கள். இணை ஓட்டங்கள் ஒவ்வொன்றும் மாடலின் தனிப் பிரதியை நினைவகத்தில் வைத்திருக்கும். 8 ஓட்டம் என்றால் 8 மடங்கு. அவை எல்லாம் ஒரே பெயருள்ள கோப்பில் எழுதும்படி நிரலில் வைத்திருந்தால் ஒன்றையொன்று அழிக்கும். கோப்புப் பெயரில் "பிஹேவியர்ஸ்பேஸ்-ரன்-நம்பர்" சேர்த்தால் தீர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அளக்கும் டிக் குறியை எடுத்துவிட்டு, 100 சுற்றுக்கு ஒருமுறை என்று நிபந்தனை கொடுத்தால் கோப்பு நூறில் ஒரு பங்காகும்.

எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டுவது எவ்வளவு சீக்கிரம் கைமீறும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 5 அளவுருக்கள், ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பு, 30 மறுஓட்டம்: 7,776ஐ 30ஆல் பெருக்கினால் 2,33,280 ஓட்டம். ஓர் ஓட்டத்துக்கு 4 விநாடி என்றால் செயலியின் ஒற்றைக் கருவில் (கோர்) கிட்டத்தட்ட 10.8 நாள், 8 கருவில் 32 மணி நேரத்துக்கு மேல். அதற்குப் பதில் எல்லா அளவுருக்களின் வீச்சிலும் சீராகப் பரவும்படி மாதிரி எடுக்கும் லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில் 200 புள்ளிகளைத் தேர்ந்து 30 முறை ஓட்டினால் 6,000 ஓட்டம். அதே 8 கருவில் 50 நிமிடம். பெட்டியின் அமைப்பே எல்லாச் சேர்க்கைக்கும் தூண்டுகிறது. மாதிரிப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதில் உதவி இல்லை. அதற்கு ஆர் மொழியிலிருந்து என்எல்ஆர்எக்ஸ், பைத்தானிலிருந்து பைநெட்லோகோ ஆகிய தொகுப்புகளை நாட வேண்டும். அளவுருக்கள் மாறினால் முடிவு எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் உணர்திறன் பகுப்பாய்வுக்கு இன்று இதுவே நடைமுறை. பிஹேவியர்ஸ்பேஸில் எங்களுக்கு உள்ள ஒரே பெரிய குறை இது.

மறுஓட்டம் 30 என்பது பழக்கத்தால் வந்த எண், விதி அல்ல. 10, 50, 100, 200 என்று கூட்டிக்கொண்டே போய், திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்த விகிதம் எங்கே அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். காட்டுத் தீயில் 50 விழுக்காடு அடர்த்திக்குச் சில ஓட்டம் போதும். 59இலும் 60இலும் ஒரே அமைப்பில் ஒருமுறை தீ சீக்கிரமே அடங்கும், மறுமுறை காட்டைக் கடந்துவிடும். அங்கே சராசரியை மட்டும் கொடுத்தால் எந்த ஓட்டத்திலும் நடக்காத ஒன்றைச் சொன்னதாகிவிடும். பரவலை முழுதாக வரைய வேண்டும்.

சீரற்ற எண் வரிசை எங்கே தொடங்கும் என்று தீர்மானிக்கும் விதை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நெட்லோகோ மெர்சென் ட்விஸ்டர் முறையில் சீரற்ற எண்களை எடுக்கிறது. விதை சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு எண்கள். கட்டுரையில் உள்ள படத்தை நீங்களே மறுபடி வரைய முடியாது. "சீட்" என்று ஒரு ஸ்லைடர் வைத்து, செட்அப்பில் "ராண்டம்-சீட் சீட்" என்று எழுதி, பிஹேவியர்ஸ்பேஸில் [1 1 30] கொடுத்து, மறுஓட்டத்தை 1 ஆக்கிவிடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அதன் விதை எண் பதிவாகும். வினோதமாக நடந்த 17ஆவது ஓட்டத்தைத் திரையில் மறுபடி ஓட்டி, என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்கலாம்.

வேகம்

இதுதான் பலவீனம், மறைக்க வேண்டியதில்லை. சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் ஏஜென்ட்கள்வரை வசதியாகப் போகும். லட்சக்கணக்கில் ஏறி, ஒவ்வொன்றும் அண்டையைத் தேடத் தொடங்கினால் மூச்சு வாங்கும். ஆனால் நெட்லோகோ மெதுவாக ஓடுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி நிரலின் குறை. "டர்ட்டில்ஸ் வித்" என்று எழுதி, தூரம் 5க்குள் இருப்பவரைத் தேடினால் ஒவ்வொரு ஏஜென்ட்டும் எல்லா ஏஜென்ட்டையும் சோதிக்கும். 10,000 ஏஜென்ட்டுக்குச் சுற்றொன்றுக்கு 10 கோடி சோதனை. "இன்-ரேடியஸ் 5" என்று மாற்றினால் அருகில் உள்ள பேட்ச்களில் மட்டும் தேடும். எங்கே நேரம் போகிறது என்று ஊகிக்க வேண்டாம். "ப்ரொஃபைலர்" என்ற நீட்சியை (கூடுதல் வசதித் தொகுப்பு) சேர்த்து 100 சுற்று ஓட்டி அறிக்கை எடுத்தால், ஒவ்வொரு செயல்முறையும் தனியாக எடுத்த நேரமும், அது கூப்பிட்டவற்றோடு சேர்த்து எடுத்த நேரமும் தனித்தனியாக வரும். முதல் இரண்டு வரிகளைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும்.

திரையைப் புதுப்பிப்பதும் நேரம் தின்னும். "கன்டினியுவஸ்" என்பதை "ஆன் டிக்ஸ்" ஆக்குங்கள், பிஹேவியர்ஸ்பேஸில் காட்சி, வரைபடம் இரண்டின் டிக்கையும் எடுங்கள். பெரிய சோதனைகளைத் திரையே இல்லாமல் கட்டளை வரியிலிருந்து ஓட்டும் "ஹெட்லெஸ்" முறையும் உண்டு. மாடல், சோதனைப் பெயர், டேபிள் கோப்பு, இழை எண்ணிக்கை நான்கையும் கொடுத்தால் பல்கலைக்கழகக் கணினித் தொகுதியில் ஓடும். ஆனால் ஒரே ஓட்டத்தைப் பல கருக்களில் பிரித்து ஓட்ட வழியில்லை. பத்து லட்சம் ஏஜென்ட் கொண்ட ஒற்றை நகரம்தான் உங்கள் ஆய்வு என்றால் வேறு கருவியைத் தேடுங்கள்.

நீட்சிகளும் பிழைதிருத்தமும்

நீட்சிகளை நிறுவ உள்ளேயே ஒரு மேலாளர் இருக்கிறது. நிலவரைபடத் தரவுக்கான ஜிஐஎஸ் நீட்சி, வடிவங்களைக் கொண்ட ஷேப்ஃபைல், கட்டங்களாலான ராஸ்டர் இரண்டையும் படிக்கும். உலகின் கட்ட எண்ணிக்கை ராஸ்டரின் விகிதத்தோடு ஒத்திருக்கும்படி முதலில் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்புகள் இடைக்கணிப்பாகிக் கலங்கும். தரவு இல்லாத இடங்களில் எண்ணே அல்லாத ஒரு மதிப்பு வந்து உட்காரும். அது 0க்குச் சமமும் அல்ல, பெரிதும் அல்ல, சிறிதும் அல்ல. ஆகவே "0க்குக் கீழோ சமமோ, அல்லது 0க்கு மேலோ சமமோ" என்று கேட்டு, ஆம் என்று வந்த பேட்ச்களை மட்டும் எடுத்துக்கொள்வதே வழி. பார்க்க அபத்தமாக இருக்கும், சரியாக வேலை செய்யும்.

வலையமைப்புக்கான என்டபிள்யூ நீட்சி மையத்தன்மை (வலையில் ஒரு கணு எவ்வளவு முக்கியம்) அளவைகளை நன்றாகத் தருகிறது. வலையமைப்பு துண்டுபட்டிருந்தால் சராசரிப் பாதை நீளத்துக்கு எண்ணுக்குப் பதில் "ஃபால்ஸ்" என்று பதில் வரும். சிஎஸ்வியில் அந்த ஒரு சொல் நுழைந்தால் ஆர் மொழி அந்த நெடுவரிசை முழுவதையும் எழுத்தாகப் படித்துவிடும். பைத்தான், ஆர் இரண்டையும் மாடலுக்குள்ளிருந்தே கூப்பிடும் நீட்சிகளும் உண்டு. ஒவ்வொரு ஏஜென்ட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பைத்தானைக் கூப்பிட்டால் வேகம் படுத்துவிடும்; சுற்றுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பி வாங்குங்கள். இருப்பு-ஓட்டம் வரையும் சிஸ்டம் டைனமிக்ஸ் பகுதி, மாற்றத்தைச் சிறு படிகளாகக் கூட்டும் எளிய ஆய்லர் முறையை மட்டுமே அறியும், கற்பிக்கப் போதும், அவ்வளவே.

வரிக்கு வரி நிறுத்திப் பார்க்கும் பிழைதிருத்தி இல்லாதது பெரிய குறை. அலகுச் சோதனைக்கான வசதியும் உள்ளே இல்லை. ஈடாக இருப்பது "இன்ஸ்பெக்ட்": ஏதாவது ஒரு டர்ட்டிலின் மேல் வலதுசொடுக்கு செய்து அதன் எல்லா மாறிகளும் சுற்றுக்குச் சுற்று மாறுவதைப் பார்க்கலாம். 5 ஏஜென்ட் மட்டும் கொண்ட சின்ன உலகத்தைக் கட்டி, கையால் போட்ட கணக்கோடு 10 சுற்றை ஒப்பிட்டுவிட்டு மேலே போவதுதான் நம்பகமான வழி. மொத்த எண்ணிக்கை, மொத்த ஆற்றல் போன்று மாறக்கூடாதவற்றை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சோதித்து, மீறினால் "எரர்" கட்டளையால் ஓட்டத்தையே நிறுத்தும் இரண்டு வரி, பல வாரத் தேடலை மிச்சப்படுத்தும்.

மற்றவை

இதே வேலைக்கான வேறு கருவிகளும் உண்டு. மீசா பைத்தானில் இருப்பதால் தரவுப் பகுப்பாய்வோடு இயல்பாக இணைகிறது. ஆனால் காட்சியும் சோதனைப் பெட்டியும் நெட்லோகோ அளவுக்குத் தயாராகக் கையில் கிடைக்காது. நிலவரைபடம் மையமான ஆய்வுக்கு காமா மேல். வேகம்தான் முதன்மை என்றால் ஜூலியா மொழியின் ஏஜென்ட்ஸ், ஜாவாவில் மேசன், ரீபாஸ்ட். எனிலாஜிக் தொழில்துறைக்கு ஏற்றது, காசு கொடுத்து வாங்க வேண்டியது. நல்ல நடைமுறை ஒன்று உண்டு: நெட்லோகோவில் முதல் மாடலைக் கட்டி நடத்தையைப் புரிந்துகொண்டு, அளவு பெரிதாகும்போது வேறொன்றில் மறுபடி எழுதுவது. இரண்டும் ஒரே முடிவைத் தந்தால் அது கட்டுரைக்குக் கூடுதல் வலு. தராவிட்டால், மேலே சொன்ன எழுதாத விதிகளில் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. முதலில் விளிம்பையும் வரிசையையும் சரிபாருங்கள்.

மாடலை விவரிக்க ஓடிடி (ODD) நெறிமுறையைப் பின்பற்றுங்கள். சூழலியலாளர்கள் 2006இல் கொண்டுவந்தது, 2010இலும் 2020இலும் திருத்தப்பட்டது. செயல்களின் வரிசையை எழுதச் சொல்லும் பகுதி அதில் இருக்கிறது. "ஆஸ்க்" எந்தக் குழுவை எப்போது கூப்பிடுகிறது, புதுப்பிப்பு ஒரே நேரத்திலா ஒன்றன்பின் ஒன்றா, சமநிலை வந்தால் யார் முந்துகிறார் என்று அங்கே வரிவரியாக எழுதலாம். சமநிலையில் "மின்-ஒன்-ஆஃப்" சீட்டுக் குலுக்கித்தான் ஒருவரைத் தேர்கிறது என்பதும் அங்கே வரவேண்டிய செய்தி.

பதிப்பு எண்ணைக் கட்டுரையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். 6ஆம் வரிசையின் கோப்புகள் நிரல், பொத்தான்களின் இடம், விளக்கம், சோதனைகள் எல்லாம் சேர்ந்த ஒற்றை உரைக்கோப்பு. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) கருவியில் வைத்தால் ஒரு பொத்தானை நகர்த்தியதும் மாற்றமாகத் தெரியும். அதனால் நிரலைத் தனிக் கோப்புகளாகப் பிரித்து "இன்க்ளூட்ஸ்" வரியால் இணைப்பது வசதி. 2025இல் வந்த 7ஆம் வரிசை எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாறிவிட்டது. அது பழைய கோப்பைத் திறந்து மாற்றிக்கொள்ளும், ஆனால் 7இல் சேமித்ததை 6.4இல் திறக்க முடியாது. பாதி ஆய்வில் பதிப்பை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய விதை எண்கள் 5ஐ எடுத்து இரண்டிலும் ஓட்டி, கடைசிச் சுற்றின் எண்கள் இலக்கம் பிசகாமல் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். பழைய பதிப்புகளின் நிறுவிகள் எல்லாம் நெட்லோகோ தளத்தில் இன்னும் கிடைக்கின்றன. நீங்கள் பயன்படுத்திய நிறுவியையும், மாடல் கோப்பையும், டேபிள் வெளியீட்டையும் ஒரே உறையில் போட்டுக் கட்டுரையோடு சேர்த்து வையுங்கள்.